வினையெச்சமும் இளம்பிள்ளைகளின் எழுத்தும்

மழை பெய்தது. செல்லூர்க் கண்மாய் நிறைந்தது. இவை இரண்டு செய்திகள். இவற்றை அடுத்தடுத்து எழுதிவிட்டால் இரண்டும் நடந்தன என்பது மட்டும் விளங்கும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள உறவு விளங்காது. மழை பெய்ததால் கண்மாய் நிறைந்ததா, பெய்தபின் வேறெங்கிருந்தோ நீர் வந்து நிறைந்ததா, பெய்துகொண்டிருக்கையிலேயே நிறைந்துவிட்டதா என்று சொல்ல மேலும் ஏதோ ஒன்று வேண்டும். அதைத் தமிழ் பெரும்பாலும் தனிச்சொல்லில் வைக்காமல் வினையின் ஈற்றில் வைத்திருக்கிறது. பெய்து, பெய்ய, பெய்தால், பெய்ததால், பெய்தும், பெய்ததும், பெய்தாலும், பெய்யாமல், பெய்தபோது, பெய்யும்வரை, பெய்வதற்குள் என ஒரே வினையடி பலவாறு முடிந்து, ஒவ்வொரு முடிபிலும் ஒரு புதிய உறவைக் காட்டுகிறது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கலவைத்தொடர் எழுதக் கற்பிப்பதென்பது, தமிழைப் பொறுத்தவரை, இந்த ஈறுகளை அறிந்து ஆளக் கற்பிப்பதே ஆகும். நம் வகுப்பறைகளில் இப்பாடம் வேறோர் இடத்தில் தொடங்குகிறது. அதனாலேயே இக்கட்டுரை.

செல்லூர், மதுரை மாநகரில் வைகையின் வடகரையில் உள்ள பகுதி. திருஞானசம்பந்தர் பாடிய திருவாப்புடையார் கோயில் இங்கே இருக்கிறது. நெசவும் கபடியும் இவ்வூருக்குப் பெயர் தந்தவை. தறியோசை கேட்டு வளரும் ஒரு பிள்ளை, பள்ளி வாயிலை மிதிப்பதற்கு முன்பே, "இழை அறுந்துச்சுன்னா முடிச்சுப் போட்டுட்டுத்தான் மேல நெய்யணும்" என்று சொல்லும். இதில் மூன்று வினைகள் உள்ளன. முதல் வினை ஒரு நிபந்தனையைச் சொல்கிறது. இரண்டாவது, முந்தி முடிய வேண்டிய செயலைச் சொல்கிறது. மூன்றாவதில்தான் தொடர் முடிகிறது. கபடி ஆடுகளத்தின் ஓரத்தில் நிற்கும் சிறுவன், "கோட்டத் தொடுறதுக்குள்ள அமுக்கிப்புட்டாங்க" என்று கத்தும்போது, நிகழாமற் போன ஒரு செயலையும் அதை நிகழவிடாது முந்திக்கொண்ட மற்றொரு செயலையும் ஒரே மூச்சில் கட்டிவிடுகிறான். இவ்வளவு நுண்மையான இணைப்பை அவனுக்கு எவரும் பாடமாக நடத்தியதில்லை.

அதே சிறுவன் ஏட்டைத் திறந்து எழுதத் தொடங்கியதும் மொழி சுருங்கிவிடுகிறது. "அண்ணன் பாடிப் போனான். கோட்டைத் தொடப் போனான். அவர்கள் பிடித்தார்கள்." என்று மூன்று முற்றுகள் ஒன்றன்கீழ் ஒன்றாய் நிற்கும். நீளமாக எழுதச் சொன்னால் 'பிறகு', 'அப்புறம்', 'பிறகு' என்று அடுக்கிக்கொண்டே போவான். இதைக் கண்டு பிள்ளைக்கு எண்ணும் ஆற்றல் குறைவு என்று முடிவுகட்டுவது பெரும் பிழை. வாயில் இருக்கும் திறன் கைக்கு வரவில்லை. அது ஏன் வரவில்லை என்பது ஆராயத்தக்க கேள்வி.

தமிழ்த் தொடரின் அமைப்பிலிருந்தே விடையைத் தேட வேண்டும். நம் மொழியில் இயல்பான தொடர் ஒன்றில் ஒரு வினைமுற்றுத்தான் இருக்கும். ஏனைய வினைகள் எச்சமாய் நின்று அம்முற்றை நோக்கிச் செல்லும். தொல்காப்பியர் வினையெச்சங்களுக்கு ஒன்பது வாய்பாடுகளை வகுத்தார். முன், பின், கால், கடை போன்ற இறுதிகளை உடையவற்றையும் அவற்றோடு சேர்த்தார். 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தியார் பன்னிரண்டு வாய்பாடுகளைத் தந்தார். அவற்றுட் சில இன்று வழக்கில் இல்லை. 'செயின்' என்பதன் இடத்தில் 'செய்தால்' இருக்கிறது. 'செய்யிய', 'செய்யியர்' ஆகியவற்றின் பணியைச் 'செய்வதற்காக' ஏற்றுக்கொண்டது. உறுப்புகள் மாறினவே தவிரப் பொறி மாறவில்லை.

இது தமிழுக்கு மட்டும் உரிய இயல்பன்று. அமெரிக்க மொழியியலார் ஜோசப் கிரீன்பர்க் 1963-இல் முப்பது மொழிகளின் சொல்வரிசையை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில் திராவிட மொழிகளின் சார்பில் கன்னடம் இடம்பெற்றது. செயப்படுபொருள் எப்போதும் வினைக்கு முன்னே வரும் மொழிகளில், முதன்மை வினைக்குக் கட்டுப்பட்ட வினைவடிவங்களும் அதற்கு முன்னரே வரும் என்பது அவர் கண்ட பொதுமைகளுள் ஒன்று. துருக்கியும் சப்பானியமும் நம்மைப் போன்றவையே. ஆங்கிலம் நேர்மாறானது. அங்கே இணைப்பைக் காட்டும் சொல் துணைத்தொடரின் தலையில் நிற்கும். இங்கே அது துணைத்தொடரின் கடைசியில், வினையோடு ஒட்டி நிற்கும்.

நம் பள்ளி இலக்கணத்தில் உள்ள தனித்தொடர், தொடர்நிலைத்தொடர், கலவைத்தொடர் என்னும் முப்பாகுபாடு ஆங்கில இலக்கணத்தை ஒட்டி அமைந்தது. தொல்காப்பியத்திலோ நன்னூலிலோ இது இல்லை. பாகுபாட்டில் குற்றம் இல்லை, பயனுடையதுதான். அதோடு சேர்ந்து வந்த ஒரு பழக்கமே இடர் தருகிறது. ஆங்கிலப் பிள்ளைக்கு இணைப்புச்சொற்களின் பட்டியலைக் கொடுப்பதுபோலத் தமிழ்ப் பிள்ளைக்கும் ஆகவே, எனவே, ஆனால், ஏனெனில், ஆகையால், மேலும் என்று ஒரு பட்டியலைக் கொடுத்து, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்கிறோம். இச்சொற்கள் நல்ல சொற்களே. ஆயினும் இவை ஒரு முற்றுத்தொடர் முடிந்தபின் அடுத்த முற்றுத்தொடரைத் தொடங்கி வைப்பவை. "மழை பெய்தது. ஆகவே கண்மாய் நிறைந்தது." என்பதில் இரண்டு முற்றுகளும் அப்படியே இருக்கின்றன, எதுவும் எதற்கும் கட்டுப்படவில்லை. "மழை பெய்ததால் கண்மாய் நிறைந்தது" என்பதில்தான் முதற்செய்தி இரண்டாவதற்குள் அடங்குகிறது. முன்னதை மட்டும் பயின்ற பிள்ளை இணைப்புச்சொற்களைத் தூவத் தெரிந்தவனாய் வளர்கிறான். எதை முதன்மையாக்கி எதைத் துணையாக்குவது என்று தீர்மானிக்கும் பயிற்சி அவனுக்குக் கிடைப்பதில்லை. வினையீற்றில் தொடங்கி, இணைப்புச்சொல்லுக்குப் பின்னர் வருவதே தமிழுக்குப் பொருந்திய வரிசை.

வினையீற்றில் தொடங்கினால் முதலில் எதிர்ப்படும் தடை ஒலியைப் பற்றியது. பெய்தால், பெய்ததால் என்னும் இரண்டையும் நோக்குக. இடையே இருப்பது ஒரு தகரம். அந்தத் தகரம் விடுபட்டால் நடந்து முடிந்த காரணம், நடக்கக்கூடிய ஒரு நிபந்தனையாகிவிடும். பெய்தும், பெய்ததும் என்பவற்றுக்கிடையிலும் அதே ஒரு தகரந்தான். "மழை பெய்ததும் தறியை நிறுத்தினார்" என்றால் உடனே நிறுத்தினார். "மழை பெய்தும் தறியை நிறுத்தவில்லை" என்றால் நிறுத்துவார் என்று எதிர்பார்த்தோம், அவர் நிறுத்தவில்லை. பெரியவர்களும் விரைந்து எழுதுகையில் இத்தகரத்தை விட்டுவிடுவதுண்டு.

பேச்சில் முதல் இணைக்கு இக்குழப்பம் நேர்வதே இல்லை. "மழை பேஞ்சா கண்மாய் நெறையும்", "மழை பேஞ்சதுனால கண்மாய் நெறஞ்சுச்சு" என்று மதுரைப் பிள்ளை பேசும்போது 'பேஞ்சா', 'பேஞ்சதுனால' என்னும் வடிவங்களுக்கு இடையே காது தவறவிட முடியாத தொலைவு இருக்கிறது. எழுத்துமொழி அத்தொலைவைச் சுருக்கி இரண்டையும் அருகருகே நிறுத்திவிட்டது. பேசும்போது ஒருநாளும் பிறழாத பிள்ளை எழுதும்போது பிறழ்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். அப்படியாயின் மருந்தும் இங்கேயே இருக்கிறது. தொடக்கத்தில் 'பெய்ததால்' என்பதைவிடப் 'பெய்ததனால்' என்னும் வடிவத்தைக் கொடுக்கலாம். அது 'பேஞ்சதுனால' என்பதற்கு நெருங்கியது, செந்தமிழுக்கும் ஏற்றது. அவ்வடிவத்துக்குள் 'பெய்தது' என்னும் நிகழ்வு முழுமையாக ஒளிந்திருப்பதையும் காட்டலாம். நிகழ்ந்தது ஒன்று இருந்தால்தான் அதனால் ஒன்று விளையும். 'பெய்தால்' என்பதற்குள் 'பெய்தது' இல்லை. மழை இன்னும் பெய்யவில்லை. எட்டு அகவைப் பிள்ளைக்கு இவ்விளக்கம் போதும். வேற்றுமை உருபு என்னும் பெயர் பின்னர் வரலாம்.

அடுத்து வருவது எழுவாயைப் பற்றிய இடர். "அம்மா கடைக்குப் போய்த் தம்பி அழுதான்" என்று பிள்ளைகள் எழுதுவார்கள். கேட்டவுடன் ஏதோ பிசகியிருப்பது தெரிகிறது. என்ன பிசகு என்று சொல்லத்தான் பலருக்கும் வராது. தொல்காப்பியர் அதை வரையறுத்திருக்கிறார். அவர் தந்த ஒன்பது வாய்பாடுகளுள் 'செய்து' முதலிய முதல் மூன்றும், அச்செயலைச் செய்தவனின் வினையையே கொண்டு முடிய வேண்டும். கடைக்குப் போனவள் அம்மா. ஆகவே முடிவிலும் அம்மாவின் வினையே வர வேண்டும். அழுதவன் தம்பியானால் 'போய்' உதவாது. 'போனதும்' என்றோ 'போனதால்' என்றோ மாற வேண்டும். மழை பெய்து கண்மாய் நிறைந்தது என்று நாம் சொல்கிறோமே, பெய்தது மழை, நிறைந்தது கண்மாய் ஆயிற்றே என்று கேட்கும் கூர்மையான பிள்ளையும் இருக்கும். அக்கேள்வி வந்தால் ஆசிரியர் மகிழ வேண்டும். வடிவம் 'செய்து' என்றிருந்தாலும் பொருளால் 'செய' என்பதாகக் கொள்ளும் இடங்கள் உண்டென நன்னூல் இடம் தந்திருக்கிறது. மழை பெய்யக் கண்மாய் நிறைந்தது என்பதே அதன் கருத்து. ஒரு செயல் மற்றொன்றை நேரே விளைவிக்கும் இத்தகைய இடங்களில் வழக்கு நெகிழ்ந்து கொடுக்கிறது. தம்பியின் அழுகைக்கு அந்நெகிழ்ச்சி கிடைக்கவில்லை.

எந்த ஈற்றை முதலில் கற்பிப்பது, எதைப் பின்தள்ளுவது என்னும் கேள்விக்கு உளவியலும் மொழியியலும் சேர்ந்து வழி காட்டுகின்றன. சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே, ஜெனீவா நகரப் பிள்ளைகளிடம் காரணச்சொல்லோடு நிற்கும் அரைத்தொடர்களைக் கொடுத்து முடிக்கச் சொன்னார். 1924-இல் வெளியான நூலில் அவ்விடைகளை ஆராய்ந்தார். மிதிவண்டியில் சென்றவர் விழுந்தார், ஏனெனில் அவர் கை முறிந்தது என்னும் பொருள்பட முடித்த பிள்ளைகள் உண்டு. விளைவு காரணத்தின் இருக்கையில் அமர்ந்துவிட்டது. ஏழு எட்டு அகவை வரை பிள்ளைகள் இந்த உறவைத் தெளிவாகப் பிடிப்பதில்லை என்று பியாஜே கருதினார். மூன்று அகவைப் பிள்ளைகளே தம் அன்றாடப் பேச்சில் காரணத்தையும் விளைவையும் சரியாகவே இணைக்கிறார்கள் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. இரண்டும் உண்மையாக இருக்கலாம். தானாகப் பேசுவது வேறு. பிறர் கொடுத்த அரைத்தொடரை முடிப்பது வேறு. வகுப்பறைத் தேர்வு இரண்டாவதையே கேட்கிறது.

மொழியியலார் ஈவ் கிளார்க் 1971-இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே கருதத்தக்கது. ஆங்கிலம் பேசும் மூன்று முதல் ஐந்து அகவைப் பிள்ளைகளிடம் முன், பின் என்னும் பொருளுடைய தொடர்களைச் சொல்லி, பொம்மைகளைக் கொண்டு நடித்துக் காட்டச் செய்தார். சிறு பிள்ளைகள் காதில் விழுந்த வரிசையையே நிகழ்ந்த வரிசையாக எடுத்துக்கொண்டார்கள். முதலில் சொல்லப்பட்டது முதலில் நடந்தது என்பது அவர்கள் கணக்கு.

இதைத் தமிழுக்குப் பொருத்திப் பார்த்தால் நம் மொழி பிள்ளைக்குச் செய்திருக்கும் நன்மை புலப்படும். துணைத்தொடர் முன்னே வருவதால், "பாவு ஓட்டியபின் நெய்தார்" என்பதில் சொல்வரிசையும் நிகழ்வரிசையும் ஒன்றாகின்றன. "இழை அறுந்ததால் தறி நின்றது" என்பதிலும் காரணம் முன்னும் விளைவு பின்னுமாக இயற்கை வரிசை காக்கப்படுகிறது. முறை பிறழ்வது இரண்டு இடங்களில். "நெய்வதற்கு முன் பாவு ஓட்டினார்" என்பதில் பின்னர் நடப்பது முன்னே சொல்லப்படுகிறது. "தறி நின்றது, ஏனெனில் இழை அறுந்தது" என்பதில் விளைவு முந்திக்கொள்கிறது. 'பின்' எளிது, 'முன்' அரிது. 'ததால்' எளிது, 'ஏனெனில்' அரிது என்று இதிலிருந்து உய்த்துணரலாம். இது என் உய்த்துணர்வு. மதுரைப் பள்ளி ஒன்றில் ஆய்ந்து பார்க்கத்தக்க கருத்து. தமிழாசிரியரோ கல்வியியல் மாணவரோ இதை ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டால் நன்று. இப்போதைக்கு, 'ஏனெனில்' என்னும் சொல்லை மூன்றாம் வகுப்பில் திணிக்காமல் ஐந்தாம் வகுப்புவரை பொறுத்திருக்கலாம் என்பது என் கருத்து.

எளிதென்று நான் சொன்ன இரண்டு ஈறுகளுக்குள்ளேயே அறிவியலின் அடிப்படை ஒன்று அடங்கியிருக்கிறது. "தவளை கத்தியபின் மழை பெய்தது." "தவளை கத்தியதால் மழை பெய்தது." முதல் தொடர் கண்டதைச் சொல்கிறது. இரண்டாவது, கண்டதைத் தாண்டி ஒரு முடிவுக்குப் பாய்கிறது. ஒன்றன்பின் ஒன்று நடந்தால் முன்னது பின்னதற்குக் காரணம் என்று கொள்வது மனித உள்ளத்தின் பழைய சறுக்கல். மூடநம்பிக்கைகள் பலவும் இவ்வாறு பிறந்தவை. ஒரு பிள்ளை தன் ஏட்டில் 'பின்' என்று எழுதிவிட்டு, 'ததால்' என்று மாற்றலாமா எனத் தயங்கினால், அந்தத் தயக்கம் ஆய்வுக்கூடத்தில் மூத்த அறிஞர் கொள்ளும் தயக்கத்தோடு ஒரே இனத்தது. தவளையை நிறுத்தினால் மழை நிற்குமா? தவளை கத்தாமல் மழை பெய்த நாள் உண்டா? இக்கேள்விகளை எழுப்பும்போதே பிள்ளைக்குக் 'கத்தாமல்', 'கத்தினாலும்', 'கத்தாவிட்டாலும்' என்னும் மேலும் சில ஈறுகள் தேவைப்படுகின்றன. காற்றின் ஈரம் மிகுவதால் தவளையும் கத்துகிறது, மழையும் வருகிறது என்று மூன்றாவதாக ஒரு காரணத்தை முன்வைக்கும் தொடரை அதுவே கட்டிவிட்டால், அன்றைக்கு அவ்வகுப்பில் தமிழும் அறிவியலும் ஒரே பாடமாக நடந்திருக்கும். இலக்கணத்தை ஏன் கற்க வேண்டும் என்று கேட்போருக்கு நான் முதலில் காட்டுவது இவ்விடத்தைத்தான்.

இனி, பயிற்சி முறைக்கு வருவோம். கெல்லாக் ஹண்ட் என்பார் 1965-இல் அமெரிக்காவில் 4, 8, 12 ஆகிய வகுப்பு மாணவர் எழுதியவற்றை அளந்து, வகுப்பு உயர உயர ஒரு முதன்மைத் தொடருக்குள் அடங்கும் துணைத்தொடர்கள் பெருகுவதைக் காட்டினார். இளையோர் 'உம்' பொருளில் முற்றுகளை அடுக்குகிறார்கள். மூத்தோர் ஒன்றை மற்றொன்றுக்குள் அடக்குகிறார்கள். ஃபிராங்க் ஓஹேர் 1973-இல், இலக்கணப் பெயர்கள் எதையும் சொல்லாமலே ஏழாம் வகுப்பு மாணவருக்குச் சிறு தொடர்களை இணைக்கும் பயிற்சி கொடுத்து, அவர்களின் எழுத்து முதிர்வதைக் கண்டார். ஸ்டீவ் கிரகாமும் டொலோரஸ் பெரினும் 2007-இல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டபோது, 4 முதல் 12 வரையிலான வகுப்புகளில் தொடர் இணைப்புப் பயிற்சியின் விளைவளவு 0.50 என்றும், தனித்து நடத்தப்படும் இலக்கணப் பாடத்தின் விளைவளவு −0.32 என்றும் கணித்தார்கள். முன்னதன் பொருள், பயிற்சி பெற்றோர் பெறாதோரைவிடச் சராசரியில் அரைத் திட்ட விலக்கம் உயர்ந்து நின்றனர் என்பது. பின்னதைக் கொண்டு இலக்கணத்தையே தூற்றுதல் ஆகாது. அவ்வாய்வுகள் பெரும்பாலானவற்றில் இலக்கணப் பாடம் ஒப்பீட்டுக் குழுவுக்குக் கொடுக்கப்பட்ட ஒன்றே. அதைச் சிறப்பாக நடத்தும் நோக்கம் அங்கு இருந்ததில்லை. பெயர்களை மனப்பாடம் செய்வது எழுத்தாகாது என்ற அளவுக்கு அதை எடுத்துக்கொள்வோம்.

'இருதொடர்களை ஒருதொடராக்குக' என்னும் வினா நம் தேர்வுத்தாள்களிலும் நெடுங்காலமாக உண்டு. பயிற்சி இருக்கிறது, ஆயினும் அது தேர்வுக்கு மட்டும் இருக்கிறது; தொடர்களும் பெரும்பாலும் எவர் வாழ்விலும் நிகழாதவை. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளில் அடிப்படை எழுத்தறிவை உறுதிசெய்ய முனைந்தது. எழுத்தும் சொல்லும் கைவந்தபின் அடுத்த படி தொடரே. அப்படிக்கு வேண்டிய பொருளைப் பிள்ளைகளின் தெருவிலிருந்தே எடுக்கலாம்.

செல்லூரையே கொள்க. 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் பெருமழை பெய்தது. செல்லூர்ப் பகுதித் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. செல்லூர்க் கண்மாயின் மிகைநீர் பந்தல்குடிக் கால்வாய் வழியாக வைகைக்குச் செல்ல வேண்டும். இப்பகுதிப் பிள்ளைகள் பலர் அந்த நீரை முழங்கால் அளவில் கண்டவர்கள். கண்டதை அவர்களைச் சிறு தொடர்களாகச் சொல்லச் சொல்லிக் கரும்பலகையில் எழுதுக: மழை பெய்தது. கண்மாய் நிறைந்தது. கால்வாயில் நீர் ஓடவில்லை. தெருவில் நீர் வந்தது. நாங்கள் மாடிக்குப் போனோம். பின் 'கண்மாய் நிறைந்' என்பது வரை எழுதி நிறுத்திவிட்டு, '-ததால்', '-ததும்', '-தாலும்' என்னும் மூன்று ஈறுகளை மூன்று குழுக்களுக்குக் கொடுக்க வேண்டும். முதற்குழு விளைவைத் தேடும்: கண்மாய் நிறைந்ததால் மிகைநீர் கால்வாய்க்கு வந்தது. இரண்டாம் குழு உடனிகழ்ச்சியைத் தேடும்: கண்மாய் நிறைந்ததும் அப்பா தறிக்குழியிலிருந்த நூலை மேலே தூக்கி வைத்தார். மூன்றாம் குழுவுக்குத்தான் உண்மையான உழைப்பு: கண்மாய் நிறைந்தாலும் கால்வாய் தூர்ந்திராவிட்டால் தெருவுக்கு நீர் வந்திருக்காது. இத்தொடரை ஒரு பத்து அகவைச் சிறுமி எழுதிவிட்டால், நடந்ததையும் நடந்திருக்கக்கூடியதையும் ஒப்பிட்டு வெள்ளத்தின் காரணத்தை ஆராயத் தொடங்கிவிட்டாள் என்று பொருள். 'தாலும்' என்னும் ஈறு கிடைத்திராவிட்டால் அவள் எண்ணம் அந்தத் திசையில் திரும்பியிருக்காது என்றுகூடச் சொல்வேன்.

எழுதுவதற்குமுன் வாயால் சொல்ல வேண்டும் என்பதில் ஆசிரியர் விட்டுக்கொடுக்கக் கூடாது. பிள்ளை 'நெறஞ்சதுனால' என்றே சொல்லட்டும். ஆசிரியர் 'நிறைந்ததனால்' என்று பலகையில் எழுதி, இரண்டையும் அருகருகே நிறுத்தட்டும். வீட்டுமொழி இழிந்தது என்னும் எண்ணம் பிள்ளைக்கு வராமலே எழுத்துமொழி வந்து சேரும்.

பெயரெச்சத்துக்கும் 'என்று' என்பதற்கும் தனியே ஒரு கட்டுரை வேண்டும். இங்கே சுருங்கச் சொல்கிறேன். "நேற்றுப் பெய்த மழை" என்று நாம் சொல்வதை ஆங்கிலம் மழையை முன்னே வைத்து, ஒரு சுட்டுச்சொல்லை நடுவே இட்டுச் சொல்கிறது. நமக்கு அச்சுட்டுச்சொல் தேவையில்லை. 'என்று' மட்டும் வினையெச்சங்களின் கூட்டத்தில் வேறுபட்டது: "நாளை விடுமுறை விட்டார்கள் என்று அக்கா சொன்னாள்" என்பதில் முழு முற்றுத்தொடர் ஒன்று சிதையாமல் மற்றொன்றுக்குள் போய் அமர்கிறது. பிறர் சொன்னதைப் பிறர் சொன்னதாகவே எழுதும் நேர்மை இந்தச் சிறு சொல்லைச் சார்ந்திருப்பதால், இதைச் சிறு அகவையிலேயே பழக்குவது நன்று.

தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தடுமாறுவதற்கும் இதே வெளிச்சத்தில் விளக்கம் கிடைக்கிறது. 'பிகாஸ்' என்னும் சொல்லை எங்கே வைப்பது, 'ஆல்தோ' என்று தொடங்கியபின் ஏன் மீண்டும் 'பட்' போடக் கூடாது என்பவை அவர்களை வருத்தும். துணைத்தொடரின் கடைசியில் இணைப்பைக் கேட்டுப் பழகிய காது, தலையில் வரும் இணைப்பை நம்ப மறுக்கிறது. 'ததால்' என்பதை வட்டமிட்டு, அது ஆங்கிலத் தொடரில் எங்கே போய் நிற்கிறது என்று ஒரு கோடிழுத்துக் காட்டும் ஆசிரியர், இருமொழிப் பாடத்தையும் ஒருங்கே முடித்துவிடுவார். தமிழ் எச்சம் அறியாத பிள்ளைக்கு அந்தக் கோட்டை இழுக்க ஒரு முனைதான் இருக்கும்.

எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். கலவைத்தொடர் எழுதுதல் நெடுந்தொடர் எழுதுதல் ஆகாது. வினைமுற்று கடைசியில் வருவதால், படிப்பவர் அதுவரை வந்த எச்சங்களையெல்லாம் நினைவில் தாங்கிக்கொண்டே போக வேண்டும். மனிதரின் உடனடி நினைவு ஏறத்தாழ நான்கு கூறுகளையே ஒருங்கே தாங்கும் என்று உளவியலார் நெல்சன் கோவன் 2001-இல் மதிப்பிட்டார். அரசாணைகளிலும் தீர்ப்புகளிலும் பத்து எச்சங்களைத் தாண்டி முற்றைத் தேடிக் களைத்தவர்களுக்கு இது தெரியும். இளம்பிள்ளைக்கு ஒரு முற்றும் ஓர் எச்சமும் போதும். மூன்றாவதைத் தானாகச் சேர்த்தால் தடுக்க வேண்டா.

திருத்தும் முறையிலும் மாற்றம் வேண்டும். "மழை பெய்யக் கண்மாய்" என்பதில் க் விடுபட்டால் சிவப்பு மையால் வட்டமிடுகிறோம். பெய்து என்பதன் பின் வல்லினம் மிகாது, படித்து என்பதன் பின் மிகும் என்பவை அறியத்தக்கவையே; அவற்றை நான் எளிதாக எண்ணவில்லை. ஆனால் அதே ஏட்டில் 'பெய்ததால்' என்று வர வேண்டிய இடத்தில் 'பெய்தால்' என்று இருந்தால், எழுத்துப்பிழை என்று கருதி அரை மதிப்பெண் குறைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பிள்ளையின் எண்ணம் பிறழ்ந்திருக்கும் இடம் அது. அங்கே நிறுத்தி, மழை பெய்துவிட்டதா, இனிமேல்தான் பெய்யுமா என்று ஒரு கேள்வியை ஓரத்தில் எழுதினால் பிள்ளை தானே திருத்திக்கொள்ளும்.

விடைக்குறிப்பையும் அவ்வாறே மாற்றியமைக்க வேண்டும். 'மழை பெய்தது, கண்மாய் நிறைந்தது: இணைத்து எழுதுக' என்று கேட்டுவிட்டு ஒரே விடையைச் சரியென்று கொள்வது மொழியின் இயல்புக்கு மாறானது, ததால், ததும், தபின், அ, து ஆகிய ஐந்தும் சரியான விடைகளே. ஐந்தாம் வகுப்பில், இவற்றுள் இரண்டைத் தேர்ந்து எழுதி, இரண்டுக்கும் பொருளில் என்ன வேறுபாடு என்று ஒரு வரியில் சொல்லுமாறு கேட்கலாம். அந்த ஒரு வரிக்கே முழு மதிப்பெண்ணையும் ஒதுக்கலாம்.